ஒரு ஆள் குறையுது

மனிதவள மேலாளர் புருஷோத்தமன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. ஒரகடத்து மட்கார்டு கம்பெனியில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு விழாவிலும் யாராவது ஒரு புண்ணியவான் கொடுத்துத் தொலைப்பான். தொழிற்பேட்டைச் சாலையில் நடக்கிற காரிடார் கோப்பைக் கால்பந்துக் காலிறுதிக்கு முந்தின நாள் கேன்டீனில் அப்படித்தான் ஆயிற்று.

"நாளைக்கு நம்ம பசங்க கடல்வேந்தர் டீமை ஜெயிச்சுட்டா, ஆடுற பதினோரு பேரையும் பர்மனென்ட் பண்றேன்! இது புருஷோத்தமன் வாக்கு!"

கேன்டீனே தட்டைத் தட்டி ஆர்ப்பரித்தது. அவருக்கென்ன, சொல்லுக்கா பஞ்சம்? கடல்வேந்தர் சென்னையின் முதல் டிவிஷன் அணி. தனி பஸ், தனி மருத்துவர், குடிக்கிற தண்ணீருக்குக்கூடத் தனியாக ஒரு ஆள். நம்மவர்கள் மூன்றாம் டிவிஷனில் கடைசிக்கு முந்தின இடம். பெயர் என்னவோ எஃப்.சி. என்றுதான் முடியும், ஊர் வாயில் 'மட்கார்டு டீம்'. காலிறுதிவரை வந்ததும் வீரத்தால் அல்ல. முதல் சுற்றில் எதிரணியின் வேன் வாலாஜாபாத் தாண்டி மக்கர் பண்ணிவிட்டது. இரண்டாம் சுற்றில் எதிரணிக்கு அவர்கள் கம்பெனியில் ஓ.டி. போட்டுவிட்டார்கள், ஏழு பேர்தான் வந்தார்கள். யானையோடு மல்லுக்கு நிற்கிற ஆட்டுக்குட்டிக்குக் கிரீடம் நேர்ந்துகொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கைதட்டாமல் இருந்தவன் பேச்சிராஜ் ஒருவன்தான். அவன்தான் கேப்டன், அவன்தான் கோல்கீப்பர். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. ஆறு வருடமாகத் தகடு அமுக்கும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் 'பிரேக்', மறுபடி புதிதாகச் சேர்ந்தவன் மாதிரி முதல் நாள். ஆறு வருடமாகப் புதுப் பையனாகவே இருக்கிற வித்தை இந்தச் சாலையில்தான் நடக்கும். அவன் கட்டிக்கொள்ள நினைத்திருக்கும் சுகப்பிரியா ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கிற கம்பெனியில் இருக்கிறாள், குன்றத்தூர் ஹாஸ்டலில் வாசம். ஊரில் இருக்கும் அவளுடைய அப்பா வனமாமலை ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார்: "பர்மனென்ட் ஆகட்டும், பொறவு பேசுவோம்." மூன்று வருடமாக அந்த ஒரே வார்த்தைதான்.

ஆக, மைக்கில் வந்த வாக்கு மற்றவர்களுக்கு வேடிக்கை. பேச்சிராஜுக்கு அது கல்யாணம்.

பேச்சிராஜுக்கு இன்னொரு பதவியும் உண்டு. பிரஸ் ஷாப்பின் பாதுகாப்பு மார்ஷல். அந்தக் கம்பெனியில் உற்பத்தி குறைந்தால்கூட மன்னிப்பு உண்டு. அபாயச் சைரன் ஊதின பிறகு ஒருவன் நின்றுகொண்டிருந்தால் கிடையாது. மாதா மாதம் ஒத்திகை. சைரன் கேட்டதும் கையில் இருப்பதை அங்கேயே வைக்க வேண்டும். ஓடக் கூடாது, பேசக் கூடாது, வரிசையாக நடந்து, மதிலோரப் புங்க மரத்தடியில் பச்சைப் பலகை வைத்த கூடுமிடத்துக்குப் போய் நிற்க வேண்டும். மார்ஷல் சிவப்புக் கொடியை உயர்த்திக்கொண்டு தலை எண்ணுவான். காலையில் பஞ்ச் அடித்த எண்ணிக்கையோடு தலை சரியாக வந்தால்தான் கொடி இறங்கும். கொடி இறங்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது, 'எந்தப் பதவியில் இருப்பவரும்' என்று பலகையிலேயே எழுதியிருக்கும். எழுதி, கீழே கையெழுத்தும் போட்டவர் நம் புருஷோத்தமன்தான். தாமதித்தவனுக்கு அரை நாள் சம்பளம் போகும். இதனால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சைரன் காதில் கேட்பதில்லை, நேரே காலில்தான் கேட்கும்.

ஒருவனைத் தவிர. மணிகண்டபிரபு கோவில்பட்டியிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று நாள் பாதுகாப்பு வகுப்பு என்று விதி. ஆர்டர் நெருக்கடியில் கான்ட்ராக்டர், "கையெழுத்த மட்டும் போடு தம்பி, வகுப்பு பொறவு பாத்துக்கலாம்" என்று நேரே பிரஸ்ஸில் நிறுத்திவிட்டான். பையன் பந்தைக் கண்டால் பேய். அதனால் முன்வரிசையில் அவன்.

மறுநாள் கம்பெனியின் பின்பக்க மைதானத்தில் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் முக்கால்வாசி கம்பெனி ஆட்கள்தான். புருஷோத்தமன் ஷாமியானாவுக்குக் கீழே கூலிங்கிளாஸ் போட்டு உட்கார்ந்திருந்தார். கடல்வேந்தர் பயிற்சியாளர் போனில் யாரோடோ இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

முதல் பத்து நிமிடத்தில் பேச்சிராஜ் நாலு பந்தைப் பிடித்தான். அதில் ஒன்று அவன் பிடித்தது, மூன்று அவன்மேல் பட்டது. பட்டால் என்ன, உள்ளே போகவில்லையே! போகப் போக அவனுக்கே ஒரு வெறி ஏறிற்று. பக்கவாட்டில் பாய்ந்தான், மல்லாந்தான், ஒரு தரம் கம்பத்திலேயே போய் மோதினான். ஒவ்வொரு பந்திலும் வனமாமலையின் முகம் தெரிந்தது. 'வாரும்யா வாரும்' என்று குத்தித் தள்ளினான். தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் பிரஸ்ஸில் தகடு தள்ளுகிற பாணியிலேயே ஆளைத் தள்ளினார்கள். நடுவர் தாம்பரத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பான மனிதர். அவராலேயே பாதியைத்தான் பார்க்க முடிந்தது.

இடைவேளைவரை கோல் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. கடல்வேந்தர் பயிற்சியாளர் போனைப் பைக்குள் போட்டார். கூட்டம் "மட்கார்டு! மட்கார்டு!" என்று கத்த ஆரம்பித்தது.

புருஷோத்தமன் கூலிங்கிளாஸைக் கழற்றினார். சமன் ஆனால் பெனால்டி. பெனால்டியில் பேச்சிராஜ் எமன் என்று கம்பெனிக்கே தெரியும். பதினோரு பர்மனென்ட்! மேலிடம் அவரையல்லவா பிரேக்கில் அனுப்பும்? கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி அவர் எழுந்து செக்யூரிட்டி கூண்டுப் பக்கம் போவதைப் பேச்சிராஜ் பார்த்தான். பாவம், வயிற்றுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

கூண்டில் இருந்தவர் செக்யூரிட்டி ரத்தினம், உள்ளூர்க்காரர். அங்கே நடந்ததை அவர்தான் பிறகு ஊரெல்லாம் சொன்னார். "'சைரனைப் போடு, மாக் டிரில்'ன்றாரு. 'இன்னா சார், மேட்ச் நடந்துகினு கீதே'ன்னேன். 'ஆபத்து மேட்ச் பாத்தா வரும்?'ன்னாரு. நான் இன்னாபா செய்ய, அமுக்கிட்டேன்."

கடல்வேந்தருக்குக் கார்னர். பந்து வளைந்து வந்தது. பேச்சிராஜ் எம்பி, பத்துத் தலைக்கு மேலே அதை அள்ளினான். கால் தரையில் பட்டதும் சைரன் ஊதியது.

இதற்கு மேல் நடந்ததில் அவன் மூளைக்குப் பங்கு இல்லை. கையில் இருப்பதை அங்கேயே வை. வைத்தான். கோல் வாசலுக்கு மூன்றடி முன்னால், முட்டை வைப்பது மாதிரிப் பதவிசாக வைத்தான். திரும்பிப் புங்க மரத்தைப் பார்த்து நடந்தான். அவனுக்குப் பின்னால் தடுப்பாட்டக்காரர்கள், நடுவரிசை, எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக, வாய் பேசாமல். பார்க்க வந்த கூட்டமும் விசிலை நிறுத்திவிட்டு அப்படியே எழுந்து நடந்தது. சாயங்கால நேரத்தில் அத்தனை சனம் சத்தமில்லாமல் எழுந்து போனால் பார்க்கிறவனுக்கு ஈரக்குலை நடுங்காதா?

கடல்வேந்தர் ஆட்டக்காரர்கள் ஒரு கணம் பந்தைப் பார்த்தார்கள், ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார்கள். பந்து வெறும் கோலுக்கு முன்னால் அனாதையாகக் கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினால் கோல். யாருக்கு மனசு வரும்?

"இன்னாடா ஆச்சு? கேஸ் லீக்கா?"

"டேய், செம்பரம்பாக்கத்த தொறந்து வுட்டாங்கடா!"

ஏரி எங்கே, ஒரகடம் எங்கே! ஆனால் சென்னைக்காரனிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அவன் திசை கேட்க மாட்டான். முதல் டிவிஷன் அணி மொத்தமும் பிடித்தது ஓட்டம். அவர்களுடைய கோல்கீப்பர்தான் முன்னால். பயிற்சியாளர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். வரிசையாக நடந்துகொண்டிருந்த மட்கார்டுக்காரர்களைத் தாண்டி, அவர்களுக்கு முன்பே போய்ப் புங்க மரத்தடியில் மூச்சு வாங்கினார்கள்.

பேச்சிராஜ் மரத்தடியில் எப்போதும் சாய்த்து வைத்திருக்கும் சிவப்புக் கொடியை எடுத்து உயர்த்தினான். தன் ஆட்களை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"ஒரு ஆள் குறையுது!" என்று கத்தினான். "யாருலே அது?"

மைதானத்தில் அந்த ஒரு ஆள் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். மணிகண்டபிரபு நடுக்கோட்டிலிருந்து திரும்பி வந்து, கிடந்த பந்தை எடுத்து, எதிர்க்கோலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். தடுக்க ஆள் இல்லை என்று அவன் யோசித்ததாகவே தெரியவில்லை. இல்லாத ஆட்களை எல்லாம் ஏமாற்றி, இப்படி வெட்டி, அப்படி வெட்டி, வெறும் கோலுக்குள் பந்தை ஓங்கி உதைத்தான். சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு காலி நாற்காலிகளைப் பார்த்து ஓடினான். அங்கே கைதட்ட ஒரு காக்கா கூட இல்லை.

நடுவர் மட்டும் நட்ட இடத்தில் நின்றார். விசிலை ஊதினார். கோல் என்றார். ஓடி வந்த பயிற்சியாளரிடம், "சைரன் என் விசில் இல்ல சார். நான் ஆட்டத்த நிறுத்தவே இல்லையே" என்றார். பயிற்சியாளர் புகார் எழுதக் காகிதம் கேட்டார், பிறகு வேண்டாம் என்றார். எதற்காக மைதானத்தை விட்டுப் போனீர்கள் என்று கேட்டால் என்ன எழுதுவது? 'ஏரிக்குப் பயந்து' என்றா?

எல்லோரும் திரும்பி வந்து ஆடிய மிச்ச நிமிடங்களில் வேறு கோல் விழாமல் ஆட்டம் முடிந்தது. மட்கார்டு ஒன்று, கடல்வேந்தர் சைபர். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும். புருஷோத்தமன் கூண்டு வாசலில் சுட்ட அப்பம்போல நின்றார்.

ஆனால் மனிதவளம் படித்தவர் அவ்வளவு லேசில் தோற்றுப்போவாரா? திங்கட்கிழமை பேச்சிராஜை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். ஆறு வருடத்தில் முதல் தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பேச்சி, வாக்குன்னா வாக்கு. பத்து பேருக்கும் ஆர்டர் ரெடி."

"பதினோரு பேரு சார்."

"அந்தப் பையன் சைரனுக்கு நிக்கல. பெரிய பாதுகாப்பு மீறல். நாளைக்கு வெளிநாட்டு கஸ்டமர் ஆடிட்டுக்கு வராங்க. மேட்ச் நடுவுல பந்தைப் போட்டுட்டு வந்த உங்க பத்து பேருக்கும் அவங்க கையால பாதுகாப்புக் கேடயம். அதுக்குள்ள அவனை அனுப்பிடணும். மார்ஷல் நீ, 'மீறினான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அவனுக்கு வகுப்பே எடுக்கலயே சார்."

"அதை ஆடிட்டர்கிட்ட சொல்லலாம்ங்கிறியா?" என்று கேட்டுவிட்டு, அவர் இன்னும் மெதுவாகச் சொன்னார். "உனக்குக் கல்யாணம் நிக்குதுன்னு கேள்விப்பட்டேன். யோசி."

ஷிப்ட் முடிந்து படப்பை ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது பேச்சிராஜ் சுகப்பிரியாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"போட்ருங்க," என்றாள். "அவன் சின்னப் பையன். இந்த ரோட்டுல கம்பெனியா இல்ல? நமக்கு வயசு போகுதுல்லா."

"அவன் அடிச்ச கோலுல்லா, பிள்ள."

"தெரியும். அதான் இதச் சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு." போனை வைத்துவிட்டாள்.

பேச்சிராஜுக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை, தன்மேல். ஏனென்றால் போட்டுவிடலாம் என்று அவனுக்கும் தோன்றியிருந்தது. மூன்று வருடம் சும்மாவா? ஆட்டோவில் ஐந்து பேருக்கு நடுவே நசுங்கிக்கொண்டு வரும்போதும், அறைக்குப் போய்ச் சோறு வைக்கும்போதும் அந்தக் கையெழுத்துதான் விரலில் ஊறியது. அதே அறையில் தங்கியிருந்த மணிகண்டபிரபு பக்கத்துப் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரோ போனில் பிடித்த தன் கோலைப் பன்னிரண்டாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ல, சைரன் கேட்கலயா ஒனக்கு?"

"கேட்டுச்சுண்ணே. கம்பெனில நமக்காக ஊதுறாங்கன்னு நெனச்சேன்," என்று சிரித்தான் பையன்.

மறுநாள் காலை மேலாளரிடமிருந்து உத்தரவு வந்தது: டீ நேரத்துக்குள் பையன் கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். "நானே கொண்டு விட்டுட்டு வாரேன் சார். கையெழுத்த, விழா முடிஞ்சதும் போடுதேன்," என்றான் பேச்சிராஜ். புருஷோத்தமன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கேட்டில் பையன் வெளியேறுகிற பஞ்ச் அடிக்கப் போனான். பேச்சிராஜ் கையைப் பிடித்தான்.

"அடிக்காத. டீக்கடையில உக்காரு. நாங் கூப்பிடாம எங்கயும் போகாத."

கூண்டிலிருந்த ரத்தினம் பார்த்தார். பிறகு ரொம்ப அக்கறையாக ஆகாயத்தைப் பார்த்தார்.

ஆடிட்டர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாலை, ரோஜா, வரவேற்பு எல்லாம் ஆயிற்று. "எங்கள் பிள்ளைகளின் ஒழுக்கத்தை நேரிலேயே பாருங்கள்," என்று புருஷோத்தமன் ஆங்கிலத்தில் சொல்லி ரத்தினத்துக்குக் கை காட்டினார். சைரன் ஊதியது. கம்பெனியே வரிசையாக நடந்து புங்க மரத்தடிக்கு வந்தது. ஆடிட்டர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். ஒவ்வொரு மார்ஷலாக எண்ணி, பஞ்ச் கணக்கோடு ஒத்துப்பார்த்து, கொடியை இறக்கினார்கள்.

ஒரு கொடி இறங்கவில்லை.

"பேச்சி, இறக்குப்பா," என்றார் புருஷோத்தமன், சிரிப்பு மாறாமல்.

"ஒரு ஆள் குறையுது சார்."

"பரவால்ல, இறக்கு."

"காலையில பஞ்ச் அடிச்ச ஆளு சார். வெளிய போன பஞ்ச் இல்ல. மெஷினுக்குள்ள மாட்டிக் கெடந்தா?" கொடிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆறு வருடமும் மூன்று வருடமும் அந்தக் கம்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் குரலை உயர்த்திச் சொன்னான். "எண்ணிக்கை சரியாகாம எந்தப் பதவியில இருக்குறவரும் உள்ள போகக் கூடாது. பலகையில போட்ருக்கு."

மொழிபெயர்க்கிற பெண் அதை அப்படியே ஆடிட்டர்களுக்குச் சொன்னாள். அவர்கள் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு மார்ஷலை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்றார்கள். காத்திருக்கிறோம், அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள் என்று அவர்களும் மரத்தடியில் நின்றுகொண்டார்கள். உள்ளே லைன் நின்றது. பிரஸ் நின்றது. மட்கார்டு ஏற்ற வந்த லாரிகள் கேட்டில் ஹாரன் அடித்தன. ஒரு தொழிலாளிகூட அசையவில்லை. அசையாமல் நிற்கத்தானே மாதா மாதம் பழக்கினார்கள்!

புருஷோத்தமன் பேச்சிராஜைப் பார்த்தார், பலகையில் தன் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு கேட்டைப் பார்த்து நடந்தார். விதிப்படி ஓடக் கூடாது. பாதி வழிக்கு மேல் ஓடினார்.

டீக்கடையில் மணிகண்டபிரபு இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கேட்டுக் கம்பிக்கு முன்னால் வந்ததும் பையன் நின்றுவிட்டான்.

"நான் எப்பிடி சார் உள்ள வர? என்னைத்தான் வேலைய விட்டு எடுத்துட்டீங்களே."

ரத்தினமும் கம்பியைத் தூக்கவில்லை. "ஸ்டாஃப் இல்லாத ஆள உள்ள வுடக் கூடாது சார். ரூலு."

மரத்தடியில் ஆடிட்டர்கள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே என்ன தகராறு என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார்கள். புருஷோத்தமனின் காதில் அது விழுந்தது.

"நம்ம ஆளுதான்!" என்று கத்தினார். "நம்ம கம்பெனி ஆளு! அன்னைக்கு கோல் அடிச்சதே இவன்தான்! பர்மனென்ட் ஆகப்போற பதினோரு பேர்ல ஒருத்தன்!"

இந்தத் தடவை மைக்கே இல்லை. இருந்தும் கம்பெனி முழுக்கக் கேட்டது.

பையன் வந்து வரிசையில் நின்றான். பேச்சிராஜ் முதலிலிருந்து எண்ணினான். அவசரப்படாமல், ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினான். சரியாக வந்தது. கொடியை இறக்கினான்.

கேடயத்தைப் பதினோரு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு ஆர்டரும் வந்தன. அரையிறுதியில் மட்கார்டு ஏழு கோல் வாங்கித் தோற்றது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

பேச்சிராஜ் சுகப்பிரியாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "அந்தப் பையனுக்கு?"

"அவனுக்கும்தான்."

"அப்பாடா," என்றாள். "நாலு நாளா சோறு எறங்கல எனக்கு." பிறகு அழுதாள், பிறகு அப்பாவையும் அதே போனில் சேர்த்துவிட்டாள்.

வனமாமலை பர்மனென்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவன் கோலை விட்டுவிட்டு நடக்கிற வீடியோ அதற்குள் சங்கரன்கோவில்வரை போயிருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். கோலையே விட்டுட்டு ஓடுனவரு, நாளைக்கு எம்பிள்ளைய விட்டுட்டு ஓட மாட்டீருன்னு என்ன நிச்சயம்?"

மூன்று வருடம் காத்திருந்து, இப்போது இதுவா!

"ஓடலப்பா," என்று நடுவில் புகுந்தாள் சுகப்பிரியா. "நல்லாப் பாருங்க, நடந்துதான் போறாவ. போய் நின்னு, தன் ஆளு எல்லாரும் வந்துட்டாங்களான்னு எண்ணுதாவ. ஒருத்தன் குறைஞ்சதுக்குக் கம்பெனியவே நிறுத்திப்புட்டாவ."

அந்தப் பக்கம் கிழவர் வீடியோவை இன்னொரு முறை ஓடவிடுவது கேட்டது.

"சரி," என்றார் கடைசியில். "ஆவணியில பொண்ணு பாக்க வாங்க. ஒங்க தரப்புல எத்தன பேரு வருவீய?"

"பதினோரு பேரு மாமா."

"ஒத்தப்படைதான? நல்லது," என்றார் வனமாமலை. "ஒருத்தரும் குறையாம வாங்க."